கோழி நுழையாத வேலி

மதில் விழுந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு. நான் எதைச் சொன்னாலும் பத்தில் எட்டைக் கழித்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் கேட்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன்: அந்தச் சத்தத்தில் என் வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டன. மூன்று நாள் விடாத மழை. ஊறி ஊறி, நாற்பதடி நீளச் சுவர் களைத்துப்போன யானை மாதிரி அப்படியே காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி வீடு. அவர் தச்சர். மேசைக்குக் கால் ஆடினால் நிறுத்திவிடுவார். அண்ணன் முன்னால் மட்டும் அவர் கால் ஆடும். அவர் சம்சாரம் தையல்காரி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அந்தப் பக்கம் அண்ணன் வீடு. சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் வாசலில் ஒரு புல் தெரியாமல் முளைத்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அதன் தலையில் ஒரு கரண்டி சிமெண்ட் விழுந்துவிடும். அவர் சம்சாரத்துக்கு மட்டும் ஐந்து ரோஜாத் தொட்டி வைத்துக்கொள்ள அனுமதி. எதிர் வீட்டில் நான். வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து முப்பத்தைந்து வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன். அதனால் சுவர் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே நின்றேன்.

சிமெண்ட்காரர் ஏற்கெனவே இடிபாட்டின் மேல் ஏறி நின்றிருந்தார்.

"எட்டு அடி எழுப்பிடறேன்," என்றார். "உனக்கு ஒரு செலவும் இல்ல தம்பி. கல்லும் என்னுது, சிமெண்டும் என்னுது."

"சரிண்ணே," என்றார் தச்சர்.

ஜன்னலுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. தையல்காரி எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சரி? மாமா, பழைய செவுரு அஞ்சு அடி. அதுக்கு மேல வர்ற வெளிச்சத்துலதான் நான் நூல் கோக்கறேன். எட்டு அடி போட்டா இந்த ரூமு பெட்டியாயிடும்."

"ட்யூப் லைட் போட்டுக்கோம்மா."

"இடது கண்ணு ஆபரேஷன் பண்ணுனதுல இருந்து லைட் வெளிச்சத்துல ஒரு ஊசி ரெண்டாத் தெரியுது. எந்த ஊசில மாமா கோக்கட்டும்? பகல் வெளிச்சம் இல்லேன்னா எனக்குத் தொழிலே இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து சிமெண்ட்காரர் சம்சாரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஊசி ரெண்டாத் தெரியுதா? உன் கோழியும் ரெண்டாத் தெரியணுமே. அதுல ஒண்ணையாவது பிடிச்சு அடைக்கலாம்ல? பத்து நிமிஷம் ஆகல செவுரு விழுந்து, அதுக்குள்ள என் ரோஜாத் தொட்டில குளிச்சிட்டுப் போயிடுச்சு."

"வேலி போடறோம்க்கா," என்றாள் தையல்காரி.

தச்சர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வேலி என்பதை அவரே அப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"உயிர்வேலி. செடி வச்சு வளக்கறோம். இடுப்பளவு, அடர்த்தியா. கோழி என்ன, அதோட குஞ்சு கூட நுழையாது. மேல வெளிச்சத்துக்கும் வழி இருக்கும்."

சிமெண்ட்காரர் சிரித்தார். அவர் சிரித்தால் கடையில் அடுக்கிய மூட்டை சரியும் என்பார்கள். "மேஸ்திரி பள்ளிக்கூடக் கட்டட வேலைல மாட்டிக்கிட்டான். வர நூறு நாள் ஆகும். அதுவரைக்கும் உன் செடியை வளத்துக்கோ. நூறாவது நாள் காலைல என் பக்கம் ஒரு படி அரிசியைத் தூவி வைக்கறேன். உன் வெள்ளைக் கோழியைப் பட்டினி போட்டு உன் பக்கம் விடு. அது வேலிக்குள்ள நுழைஞ்சு வந்துச்சுன்னா அந்த நிமிஷமே கடைக்கால் தோண்டறோம். நுழையலேன்னா செவுத்துப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"நீங்க சொன்னா சரிதாண்ணே," என்றார் தச்சர்.

மறுநாள் தையல்காரி நர்சரிக்குப் போனாள், கூடவே நானும். பளபளவென்று இலை விட்ட ஏதோ வெளிநாட்டுச் செடியை நர்சரிக்காரர் காட்டினார். நாற்பதடிக்கு அவர் சொன்ன விலையில் மோட்டார் வைத்த புது தையல் மெஷின் ஒன்று வாங்கி, அதற்கு ஒரு ஆளையும் வேலைக்கு வைத்திருக்கலாம். "தினம் ரெண்டு வேளை தண்ணி, மாசம் ஒரு தடவை மருந்து" என்று வேறு சொன்னார். அவள் முகம் வாடிப்போயிற்று.

"இங்க வாம்மா," என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். "எங்க ஆபீஸ்ல மழை தொடங்கினதும் கம்பியில உரசற கிளையெல்லாம் வெட்டுவாங்க. ஏரிக்கரையில லைன் போற வழி பூரா நொச்சி. வெட்டிப் போட்டா அள்ளறதுக்கு ஆள் கிடையாது. மண்ணுல குத்தினா தளிர்க்கிற சாதி அது. ஆடு வாய் வைக்காது, வெயில் அடிச்சாலும் சாகாது."

ஏரிக்கரையில் லைன்மேன் நடு ஏணியில் நின்றுகொண்டிருந்தார். "அள்ளிட்டுப் போங்க சார், வண்டி வரலேன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றவர், தையல்காரியைப் பார்த்துக் கத்தியால் செய்தே காட்டினார். "விரல் தடிமன் கம்பா எடும்மா. ஒரு முழ நீளம். அடியை நேரா வெட்டு. தலையைச் சாய்வா வெட்டு. சாய்வுல மழைத்தண்ணி நிக்காம வழிஞ்சிடும், தலை அழுகாது."

அவள் துணி வெட்டுகிற ஒழுங்கோடு நூற்றுப் பத்து கம்பு வெட்டினாள். அடி நேர், தலை சாய்வு. ஒரு கம்பு மற்றதைவிட நூலளவு நீளமில்லை. திரும்பி வரும் வழியில் களாச்செடிக்குக் கீழே உதிர்ந்து கிடந்த கறுத்த பழங்களை முந்தானையில் பொறுக்கிக்கொண்டாள். அதன் விதையைக் கழுவி, காலிப் பால் கவர்களில் மண் போட்டு, ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்தாள். களாவில் முள் உண்டு. கோழி நெருங்காது. மொத்தத்தில் அவளுக்குச் செலவானது ஒரு பஸ் டிக்கெட். என் டிக்கெட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே ஜன்னலை ஒட்டிய பத்தடிக்குக் கம்பு நட்டாள். இரண்டு வரிசை, கம்புக்குக் கம்பு ஒரு சாண், வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி. அப்போதுதான் தச்சர் வேலையிலிருந்து வந்தார்.

"எதுக்கு இவ்வளவு பாடு? நான் அண்ணன்கிட்ட பேசறேன். அஞ்சு அடியோட நிறுத்திக்கச் சொல்றேன்."

"எப்போ?"

"பேசறேன்."

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷமா பேசறேன்னுதான் சொல்றீங்க. தண்ணிக் குழாய் அவங்க பக்கம் போனப்போ பேசறேன்னீங்க. பின்வாசலை அடைச்சப்போ பேசறேன்னீங்க. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு கண்ணும் போயிடும்."

அதோடு பேச்சு நின்றது. மூன்று நாள் அந்த வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. தட்டு வைக்கிற சத்தம், தட்டு எடுக்கிற சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் அவள் சீருடைகளைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தச்சருக்கு மனசு கேட்கவில்லை. அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சாக்கில் நனைத்து வைத்திருந்த மீதிக் கம்புகளை எடுத்து, நூல் கட்டி, மட்டம் பார்த்து, மிச்சமிருந்த முப்பதடியும் தானே நட்டு, கோழி கிளறாமல் மேலே ஓலையும் பரப்பி முடித்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். சாலைக்கு வெள்ளைக் கோடு போடுகிறவன் கூட அவ்வளவு நேராகப் போடமாட்டான். திரும்பி வந்தவள் பார்த்தாள். அன்று தட்டு வைத்த சத்தம் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

அதிலிருந்து தினம் காலை பத்து மணிக்கு சிமெண்ட்காரர் சம்சாரம் சுவர் இருந்த இடத்தில் வந்து நிற்கத் தொடங்கினாள். புருஷன் எட்டு மணிக்குக் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். அதுவரை அவளுக்கு ஐந்து ரோஜாத் தொட்டிதான் துணை.

"என்னடி, உன் காடு எந்த மட்டுல இருக்கு?"

"ஜன்னல் பக்கம் துளிர் விட்டிருக்குக்கா."

"எண்ணிட்டேன். பதினாலு இலை. இன்னைக்குப் புலி வருமா, நாளைக்கா?"

"வந்தா முதல்ல உங்க பக்கந்தான் வரும். இங்க திங்க என்ன இருக்கு?"

இப்படி ஒரு மணி நேரம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சுவர் நின்ற பன்னிரண்டு வருஷத்தில் இவர்கள் இரண்டு பேரும் பேசிய வார்த்தைகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடிவிடலாம்.

இருபத்து நாலாவது நாள் காலையில் தையல்காரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கம்பு.

"மீட்டர் சார், இதைப் பாருங்க."

கம்பின் கணுவில் ஒரு துளிர் கீழ்நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் புத்தி வந்து, தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே எட்டிப் பார்த்தது. மண்ணுக்குள் இருந்த முனை கறுத்து அழுகியிருந்தது. அந்த முனை சாய்வாக இருந்தது.

"தலைகீழா நட்டிருக்கார் சார். முப்பதடியும்."

அவர் தச்சர். வாழ்நாளெல்லாம் எத்தனை முளைக்குச்சி சீவியிருப்பார்! கூரான முனை மண்ணுக்குள் போகவேண்டியது என்பது அவர் கைக்குத் தெரியும். கேட்கவேண்டிய அவசியமே தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் அன்று அவர்களுக்குள் பேச்சு இல்லை.

நாங்கள் போனபோது அவர் இழைப்புளியை வைத்துவிட்டு எழுந்தார். அவள் கம்பை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கூரா இருந்துச்சே," என்றார்.

"தண்ணி வழியறதுக்கு அந்தச் சாய்வு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

"நீதான் பேசாம இருந்த!"

"நான் பேசாம இருந்தேன். நீங்க பன்னெண்டு வருஷமா பேசாம இருக்கீங்க, உங்க அண்ணன்கிட்ட!"

அவர் கையிலிருந்த கம்பு முறிந்தது. நான் வாசல்படியைப் பார்த்தேன், ஓடுவதற்கு. ஆனால் அவர் முறிந்த துண்டுகளைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "இன்னும் எத்தனை நாள்?"

"எழுபத்தாறு."

"மறுபடி கம்பு கிடைக்குமா சார்?"

"லைன் வேலை முடிஞ்சுது. அடுத்த மழைக்குத்தான் நொச்சி வெட்டுவாங்க," என்றேன். சொல்லும்போதே என் ஞாபகம் முப்பத்தைந்து வருஷத்து மீட்டர்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தது. "இருங்க. பம்ப் ஹவுஸ் பின்னால ஆடாதோடை இருக்கு. நான் அங்க ரீடிங் எடுக்கப் போறப்பல்லாம் அது என்னைச் சட்டையைப் பிடிச்சு இழுக்கும். பம்ப் ஆப்பரேட்டருக்கு அது தொந்தரவு. வெட்டிக்கிட்டா கும்பிடுவான்."

அன்றிலிருந்து அந்தப் புருஷன் பெண்டாட்டி வேலை செய்த மாதிரி நான் பார்த்ததில்லை. தச்சர் விடியற்காலை எழுந்து அழுகின கம்புகளைப் பிடுங்கினார். வேர் விட்டிருந்த தூண்டில்முட்களை மட்டும் விட்டுவைத்தார். காலி இடங்களில் ஆடாதோடைக் கம்பை நட்டார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு கம்பையும் அவள் எடுத்துக் கொடுக்க, அவர் "இதுதானே தலை?" என்று கேட்டுக் கேட்டுத்தான் நட்டார். நாற்பதாவது கம்பில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கத்து நொச்சி நீளநீளமாகக் கிளை விட்டதும், அதை வளைத்து மண்ணில் படுக்கவைத்து, மேலே ஒரு கல்லை வைத்துப் பதியம் போட்டார்கள். படுத்த இடத்தில் வேர் பிடித்து இன்னொரு செடி. செத்துப்போன கம்புகளையும் அவர் விடவில்லை. அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னுகிற மாதிரி பின்னினார். பால் கவரிலிருந்த களா நாற்றுகள் அந்தப் பின்னலுக்கு நடுவே போயின. ஒரு சாண் உயரம்தான். முள் மட்டும் ஊசிக்குப் பங்காளி.

அறுபதாவது நாள் வாக்கில் மழை நின்று வெயில் வந்தது. என்ன வெயில் என்கிறீர்கள்! என் வழுக்கையில் அப்பளம் பொரிக்கலாம். தையல்காரி பாத்திரம் கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர், ஒரு சொட்டு விடாமல் செடிக்கு ஊற்றினாள். காய்ந்த சருகை வாரி வந்து வேரை மூடினாள். அப்படியும் அண்ணன் வீட்டுக் குழாயை ஒட்டிய கடைசி மூலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அங்கே ஆடாதோடை தலையைத் தொங்கப் போட்டது.

ஒரு நாள் மத்தியானம் பார்த்தேன்: அந்த மூலையில் மண் ஈரமாக இருந்தது. அண்ணன் பக்கத்திலிருந்து வந்த ஈரம்.

"அக்கா, நீங்களா ஊத்துனீங்க?" என்று தையல்காரி கேட்டாள்.

"நானா? எனக்கென்ன வேலை இல்லையா? பக்கெட் கை வழுக்கிடுச்சு."

"நேத்தும் ஈரமா இருந்துச்சே."

"நேத்தும் வழுக்குச்சு. வயசாகுதுல்ல. நீ ஊசியைப் பாத்துத் தை."

தொண்ணூறாவது நாள் லாரி வந்து சிமெண்ட் கற்களை இறக்கியது. வேலிக்கு அந்தப் பக்கம், ஆளுயர அடுக்கு. ஒவ்வொரு கல்லாக இறக்கும் சத்தத்துக்கும் தையல்காரியின் மெஷின் ஒரு தடவை தடுமாறியது. அன்று அவள் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் வலது கையாகவே தைத்துவிட்டுப் பிரித்தாள். தச்சர் கல் அடுக்கைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"அண்ணே..."

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே. கல்லு நல்லா இருக்கு."

தையல்காரி ஜன்னலைச் சாத்தினாள். அந்த நூறு நாளில் அவள் பகலில் ஜன்னலைச் சாத்தியது அன்று ஒரு தடவைதான்.

நூறாவது நாள். வேலி இடுப்புக்கு வந்திருந்தது. ஜன்னல் பக்கம் அடர்ந்து, நீலப்பூ கூட விட்டிருந்தது. போகப்போகக் கொஞ்சம் மெலிவு. மேஸ்திரி மண்வெட்டியோடு வந்து நின்றார். சிமெண்ட்காரர் தன் பக்கம் அரிசியைத் தாராளமாகத் தூவினார். ஒரு படி என்றார், எனக்கென்னவோ ஒரு மூட்டை மாதிரி தெரிந்தது. முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்த வெள்ளைக் கோழியைத் தச்சர் தரையில் விட்டார்.

கோழி அரிசியைப் பார்த்தது. நேராக வேலிக்கு ஓடியது. களா முள் மூக்கில் பட்டதும் ஒரு கத்து கத்திப் பின்வாங்கியது. நாலடி தள்ளிப் போய் மறுபடி முட்டியது. பின்னல் விடவில்லை. இப்படியே முட்டி முட்டி வேலியோடு நடந்தது. அதோடு கூடவே தையல்காரியும் நடந்தாள். புடவைத் தலைப்பை வாயில் கடித்திருந்தாள். தச்சர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். சிமெண்ட்காரரும் மேஸ்திரியும் ஜன்னல் பக்கத்து முனையில். நானும் சிமெண்ட்காரர் சம்சாரமும் குழாய் மூலையில், வேலிக்கு ஆளுக்கு ஒரு பக்கம்.

பத்தடி. இருபதடி. முப்பதடி. யாரும் மூச்சு விடவில்லை; அந்த ஐந்து நிமிஷம் தெருவில் காற்றே மிச்சமாகிப்போயிருக்கும்.

குழாய் மூலைக்கு வந்த கோழி நின்றது. தலையைச் சாய்த்து ஆடாதோடையின் அடியைப் பார்த்தது. வெயிலில் வாடி, இலை உதிர்ந்து, அங்கே ஒரு சாணுக்குச் சந்து இருந்தது. கோழி உடம்பைச் சுருக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், உள்ளே நுழைந்தது. அந்தப் பக்கம் சிமெண்ட்காரர் சம்சாரத்தின் இரண்டு காலுக்கும் நடுவே வெளியே வந்தது.

தையல்காரி பார்த்துவிட்டாள். அவள் வாயிலிருந்து தலைப்பு நழுவி விழுந்தது.

அவ்வளவுதான் என்று நான் நினைத்த நேரத்தில், சிமெண்ட்காரர் சம்சாரம் குனிந்து கோழியை இறக்கையோடு அள்ளித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "ஐயோ, ஐயோ! தலைக்கு மேல பறந்து வருதே, கண்ணைக் கொத்தப் பாத்துச்சே!" என்று கூப்பாடு போட்டாள்.

சிமெண்ட்காரர் ஓடி வந்தார். "நுழைஞ்சுடுச்சா?"

"எங்க நுழைஞ்சுது? பறந்துச்சு. வேலிக்கு மேல."

"இதுவா? இந்தக் கொழுத்த கோழியா?"

"பட்டினி போடச் சொன்னது யாரு? பசில பறந்துச்சு."

தையல்காரி, "மாமா, அது வந்து..." என்று தொடங்கினாள்.

"நீ வாயை மூடுடி. உன்கிட்ட யாரும் கேக்கல," என்று அவள் ஓரகத்தி அதட்டினாள்.

சிமெண்ட்காரர் என் பக்கம் திரும்பினார். "மீட்டர்காரரே, நீங்க இங்கதானே நின்னீங்க. பறந்துச்சா?"

எத்தனை வருஷமாக எத்தனை கதை அளந்திருக்கிறேன். எலியைப் பெருச்சாளியாக்கி, பெருச்சாளியைப் பன்றியாக்கி விட்டிருக்கிறேன். பருந்து மாதிரி பறந்தது, மேகத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் எதிரே தையல்காரியின் இடது கண்ணில் நீர் நின்றுகொண்டிருந்தது.

"பறந்துச்சு," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் என்னையே பார்த்தார். நான் இவ்வளவு சுருக்கமாக ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

அப்போதுதான், இத்தனை நேரம் கண்ணை மூடி நின்ற தச்சர் வந்து அண்ணனுக்கு எதிரே நின்றார். கால் ஆடியது. குரலும் ஆடியது. ஆனாலும் பேசினார்.

"அண்ணே. நுழைஞ்சுதோ பறந்துச்சோ, எனக்குத் தெரியாது. நான் பாக்கல. செவுரு வேண்டாம்ணே. அவளுக்கு வெளிச்சம் வேணும்."

சிமெண்ட்காரர் தம்பியைப் பார்த்தார். பிறகு மனைவி கையிலிருந்த கோழியை வாங்கினார். அதன் முதுகில் ஓர் ஆடாதோடை இலையும் கொஞ்சம் ஈரமண்ணும் ஒட்டியிருந்தன. இலையை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேஸ்திரி," என்றார். "பறக்கிற கோழிக்கு எட்டு அடி செவுரு பத்துமா?"

"பன்னெண்டு அடி போடலாம் முதலாளி," என்றார் மேஸ்திரி உற்சாகமாக.

"நீ போய்ப் பள்ளிக்கூடத்தைக் கட்டு போ."

கோழியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, கல்லைத் திருப்பி எடுக்கச் சொல்லி லாரிக்குப் போன் போட்டுக்கொண்டே கடைக்கு நடந்தார்.

கோழி தச்சர் கையிலிருந்து அரிசியைப் பார்த்துக் கேவியது. பிறகு சிமெண்ட்காரர் சம்சாரம் தன் பக்கம் மண்ணில் உட்கார்ந்து, வேலிக்குள் கையை விட்டாள். வளையல் முள்ளில் சிக்கிக் கலகலத்தது.

"இந்தாடி, இங்க ஒரு சாண் ஓட்டை. உன் பக்கத்துல இருந்து ஒரு கம்பு கொடு. அவர் கடையில இருந்து வர்றதுக்குள்ள அடைச்சிடலாம்."

தையல்காரி குனிந்து கம்பை நீட்டினாள். சந்துக்குள் அந்தக் கை அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகும் இவள் விடவில்லை.

"விடுடி," என்றது அந்தப் பக்கம். "மண்ணு அணைக்கணும்."